பல் போனால் சொல் மட்டுமா போகும்?

எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் சஹன் வைத்துச் சாப்பிடுவது நெடுநாளைய வழக்கம். ஒரே தட்டைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, நெய்ச்சோற்றையும் இறைச்சியையும் பகிர்ந்து உண்பர். பசியாறுவதைக் காட்டிலும் மனம் கலப்பதே அதன் நோக்கம். அப்படி உண்பதில் பெருவிருப்பம் கொண்டவர் என் உம்மா. அவர்களோ மூன்று ஆண்டுகளாக எந்தக் கல்யாண வீட்டிலும் சஹனில் அமரவில்லை. அழைப்பு வந்தால் போவார்கள், வாழ்த்துவார்கள், முழங்கால் வலி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே வீடு திரும்பி, மோரில் கரைத்த சோற்றை உண்பார்கள்.

வலி முழங்காலில் இல்லை என்பதை என் மனைவிதான் கண்டறிந்தார். உம்மாவுக்கு மேலும் கீழும் பல்செட். மேல்செட் ஓரளவு நிற்கும். கீழ்செட் மெல்லும்போதெல்லாம் எழும்பி நழுவும். ஒரு விருந்தில் அது வாயை விட்டே வெளியே வந்துவிட்டதாம். முந்தானையால் மறைத்துக்கொண்டு எழுந்தவர்கள், பிறகு சஹனில் அமரவே இல்லை. நான் கேட்டபோது, "நாலு பேரு கை வைக்கிற தட்டுல என் பல்லு விழுந்தா, முகத்தை எங்கே கொண்டு வைப்பேன் வாப்பா?" என்றார்கள்.

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் பழமொழி. சொல்லோடு சோறும் போகிறது. சுற்றத்தோடு இருந்து உண்ணும் இன்பமும் போகிறது. உம்மாவின் பொருட்டுப் பல் மருத்துவமனைகளின் படியேறியபோது நான் கேட்டறிந்தவற்றையும் படித்தறிந்தவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். 'இம்பிளான்ட்' எனப்படும் செயற்கை வேர்ப்பல் பற்றி இன்று பலரும் பேசுகின்றனர். சிலர் அதைக் கண்டு அஞ்சுகின்றனர். சிலர் அதற்காக நகையை விற்கத் துணிகின்றனர். இரண்டுக்கும் காரணம் அறியாமையே.

பல்லோடு போவது எது?

நிரந்தரப் பற்கள் 32. அவற்றுள் ஞானப்பற்கள் நான்கு. அவை பலருக்கு முளைப்பதே இல்லை. எஞ்சிய 28 பற்களே நம் அன்றாடப் பணியாளர்கள். ஒவ்வொரு பல்லிலும் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதி ஒன்று. ஈறுக்குள்ளும் தாடை எலும்புக்குள்ளும் மறைந்திருக்கும் வேர் மற்றொன்று. பல்லைப் பிடுங்கும்போது நாம் வெளியே தெரிந்த பகுதியை மட்டும் இழந்ததாக எண்ணுகிறோம். உண்மையில் பேரிழப்பு வேரினுடையது.

தாடை எலும்பில் பல்லைத் தாங்கும் பகுதி, பல்லுக்காகவே இருப்பது. மெல்லும் ஒவ்வொரு முறையும் வேரின் வழியே அழுத்தம் எலும்புக்குச் செல்கிறது. அந்த அழுத்தமே அதன் உயிர்ப்பு. வேர் போனபின் வேலையில்லாத எலும்பு கரையத் தொடங்குகிறது. பல் பிடுங்கிய முதல் ஓராண்டுக்குள் அவ்விடத்து எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதியளவு குறைந்துவிடக்கூடும் என்றும், அந்தக் குறைவில் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. இடைவெளியின் இரு பக்கத்துப் பற்களும் அதன்மேல் சாயும். எதிர்த்தாடைப் பல், தடுப்பார் இல்லாமையால் இறங்கிவரும் அல்லது ஏறிவரும்.

இதற்கு நானே சாட்சி. முப்பது வயதில் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, "உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று பன்னிரண்டு ஆண்டுகள் சும்மா இருந்தேன். பின்னர் எடுத்த கதிர்ப்படத்தில், பக்கத்துப் பல் சாய்ந்திருந்ததையும், எலும்பு கத்தி முனைபோல் மெலிந்திருந்ததையும் மருத்துவர் காட்டினார்.

பற்கள் எல்லாவற்றையும் இழந்தோர் நிலை இன்னும் கடினம். பல்செட் உட்காருவது எஞ்சியிருக்கும் எலும்பு மேட்டின்மேல். அந்த மேடு ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகும். செட் மட்டும் தேயாது. ஆகவே பொருத்தமாக இருந்த செட்டும் தளர்ந்துவிடுகிறது. கீழ்த்தாடையில் பிடிப்புக்குரிய பரப்பும் குறைவு. நாக்கின் அசைவும் அங்கேதான். உம்மாவின் கீழ்செட் நழுவியதன் காரணம் இதுவே. செய்தவரின் கைப்பிழை என்று நாங்கள் எண்ணியிருந்தது தவறு.

பழையோர் செய்த முயற்சிகள்

இழந்த பல்லுக்கு மாற்றுத் தேடும் முயற்சி மிகப் பழைமையானது. இத்தாலி நாட்டின் பண்டைய எட்ரூஸ்கர்கள், கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்பே மாற்றுப் பற்களைப் பொன்பட்டையால் பக்கத்துப் பற்களோடு பிணைத்தனர். மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் 1931இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு தாடை எலும்பு இன்னும் வியப்புக்குரியது. ஏறக்குறைய 1400 ஆண்டுகளுக்கு முற்பட்ட, மாயா நாகரிகத்தைச் சேர்ந்த அத்தாடையில், பல்லின் வடிவில் செதுக்கிய சிப்பித் துண்டுகள் மூன்று, முன்பற்களின் இடத்தில் பதிந்திருந்தன. இறந்தபின் அணியாகப் பதித்தவை என்றே முதலில் கருதினர். 1970இல் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தபோது, அவற்றைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. அவை உயிருள்ள ஒருவரின் வாயில் பதிக்கப்பட்டவை என்பது அதனால் விளங்கியது.

நம் முன்னோருள் ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். அந்தலூஸில் குர்துபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் 936இல் பிறந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 'கித்தாபுத் தஸ்ரீஃப்' என்னும் முப்பது பாகங்கள் கொண்ட மருத்துவ நூலை இயற்றினார். அறுவை மருத்துவத்துக்குரிய அதன் இறுதிப் பாகத்தில், பற்காறையைச் சுரண்டி எடுக்கும் கருவிகளைப் படம் வரைந்து காட்டியிருக்கிறார். ஆடும் பற்களைப் பொற்கம்பியால் கட்டும் முறையையும் விளக்கியிருக்கிறார். விழுந்த பல்லுக்கு மாற்றாக மாட்டெலும்பில் பல் செதுக்கி வைத்துக் கட்டலாம் என்றும் எழுதியிருக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் லத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்ட அந்நூலை ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் பயின்றனர்.

இம்முயற்சிகளில் பெரும்பாலானவை மாற்றுப் பல்லைப் பக்கத்துப் பல்லோடு கட்டியவை; எலும்பில் பதித்தவை அரிதாகவே வெற்றி பெற்றன. காரணம், உடல் தனக்கு அயலானதை ஏற்பதில்லை. எலும்புக்குள் வைத்த பொருளைச் சுற்றி மெல்லிய தசைநார் உறை ஒன்று வளர்ந்து, எலும்பிலிருந்து அதைப் பிரித்துவிடும். பின்னர் அது ஆடும், சீழ் பிடிக்கும், வெளியேறும்.

முயலின் கால் எலும்பு

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஸ்வீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர்-இங்வார் பிரோனிமார்க் என்னும் மருத்துவ ஆய்வாளர் 1952இல் எலும்புக்குள் குருதி ஓடும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். டைட்டானியம் என்னும் உலோகத்தால் ஆன சிறு நோக்குக் கருவியை முயலின் கால் எலும்பில் பொருத்தி, நுண்ணோக்கியால் பார்ப்பது அவர் முறை. ஆய்வு முடிந்து, விலையுயர்ந்த அக்கருவியைக் கழற்ற முயன்றார், கழற்ற இயலவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒட்டி ஒன்றாகியிருந்தது. இடையே தசைநார் உறை இல்லை.

இடையூறு என்று இதை ஒதுக்கிவிடாமல், 'இது ஏன்?' என்று அவர் கேட்டதுதான் பல் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. டைட்டானியத்தின் மேல் காற்றுப் பட்டவுடனே மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்று உண்டாகிறது. எலும்பின் உயிரணுக்கள் அதைப் பகையாகக் கருதுவதில்லை. அதன்மேலேயே படிந்து எலும்பை வளர்க்கின்றன. விமானம் செய்யப் பயன்படும் இந்த உலோகத்தின் தாதுவான இல்மனைட், நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கலந்து கிடக்கிறது.

1965இல் கோத்தன்பர்க் நகரில் பிரோனிமார்க் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இம்முறையில் சிகிச்சை செய்தார். கோஸ்தா லார்ஸன் என்னும் அவர் பிறவியிலேயே அண்ணப் பிளவும் தாடைக் குறையும் உடையவர். கீழ்த்தாடையில் பற்களே இல்லாதவர். சரியாக மெல்லவும் பேசவும் இயலாதவர். கீழ்த்தாடையில் நான்கு டைட்டானிய வேர்கள் பதிக்கப்பட்டன. 2006இல் அவர் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவை உழைத்தன.

ஆயினும் மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. ஸ்வீடனிலேயே எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1982இல் கனடாவின் டொரான்டோ நகரில் கூடிய பல் மருத்துவர்கள் மாநாட்டில், நீண்ட நாள் கண்காணிப்பின் முடிவுகளை அவர் எடுத்து வைத்த பின்னரே உலகம் இம்முறையை ஏற்றது. பிரோனிமார்க் 2014இல் மறைந்தார்.

செயற்கை வேர் எவ்வாறு அமைகிறது?

இம்பிளான்ட் என்பது மூன்று பகுதிகளால் ஆனது. முதலாவது எலும்புக்குள் இறங்கும் டைட்டானியத் திருகு. பெரும்பாலும் 8 முதல் 12 மில்லிமீட்டர் நீளமும், 3.5 முதல் 5 மில்லிமீட்டர் விட்டமும் இருக்கும். இதுவே வேர். இரண்டாவது, அதன்மேல் பொருத்தி ஈறுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்புத் தண்டு. மூன்றாவது, நம் பல்லின் நிறத்தில் செய்து அத்தண்டின்மேல் வைக்கும் கேப்.

முதலில் வாயைச் சோதித்து, முப்பரிமாண ஸ்கேன் எடுப்பர். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே காற்றறை இருக்கிறது. நரம்பில் திருகு பட்டால் உதடு மரத்துப்போகும். காற்றறைக்குள் சென்றால் வேறு தொல்லை. ஆகவே அளந்த பின்னரே துளையிட வேண்டும்.

பல் பிடுங்கும்போது போடுவது போன்ற மரப்பு ஊசியே பெரும்பாலோருக்குப் போதும். எலும்பில் துளையிடும்போது குளிர்ந்த உப்பு நீரைப் பாய்ச்சிக்கொண்டே இருப்பர். எலும்பின் வெப்பம் ஒரு நிமிடம் 47 டிகிரி செல்சியஸில் நின்றாலே அதன் உயிரணுக்கள் மடியத் தொடங்கும். மடிந்த எலும்பு உலோகத்தோடு ஒட்டாது. மெதுவாகவும் குளிர்ச்சியாகவும் துளையிடுவதில் இவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது.

திருகு இறங்கியபின் காத்திருப்பு. கீழ்த்தாடையில் ஏறத்தாழ மூன்று மாதம். எலும்பு மென்மையான மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதம் என்பது வழக்கமான கணக்கு. இக்காலத்தில் எலும்பு வளர்ந்து திருகைத் தன்னுடையதாக்கிக் கொள்கிறது. அதன்பின்னரே தண்டும் கேப்பும். எலும்பு வலுவாக இருந்து, திருகும் உறுதியாக இறங்கியவர்களுக்கு அன்றே தற்காலிகப் பல் வைப்பதும் உண்டு. ஆனால் 'ஒரே நாளில் புதுப்பல்' என்ற விளம்பரம் எல்லோருக்கும் பொருந்துவதன்று.

இயற்கைப் பல்லுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இயற்கை வேரைச் சுற்றி மெத்தைபோல் நுண்ணிய நார்கள் இருக்கின்றன. அவை அதிர்ச்சியைத் தாங்கும். சோற்றில் ஒரு சிறு கல் இருந்தாலும் உடனே உணர்த்தும். செயற்கை வேருக்கு அந்த மெத்தை இல்லை. மனிதன் செய்தது பணியில் நெருங்குமேயன்றி, இறைவன் படைத்ததற்கு முழு ஈடாகாது.

எலும்பு போதாதவர்க்கு

எலும்பு மெலிந்துவிட்டால் அதைக் கூட்டிக்கொள்ள வழி உண்டு. எலும்புத் துகளை இட்டு, மேலே மெல்லிய சவ்வு ஒன்றால் மூடித் தைப்பர். சில மாதங்களில் அங்கே எலும்பு வளரும். என் கடைவாய்ப்பல்லுக்கு இதுவே வழி என்றார் மருத்துவர்.

இவ்விடத்தில் நம் குடும்பத்தினர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தத் துகளும் சவ்வும் எதிலிருந்து எடுக்கப்பட்டவை? நோயாளியின் சொந்த எலும்பாக இருக்கலாம், தானமாகப் பெற்றுப் பதப்படுத்திய மனித எலும்பாக இருக்கலாம், மாட்டெலும்பாக இருக்கலாம், கால்சியம் பாஸ்பேட் கொண்டு ஆலையில் செய்ததாகவும் இருக்கலாம். சவ்வுகளிலோ, பரவலாகப் பயன்படும் சில வகை பன்றியின் கொலாஜனிலிருந்து செய்யப்படுபவை. நான் கேட்டபோது மருத்துவருக்கே உடனே விடை தெரியவில்லை. அவர் முகம் சுளிக்கவில்லை. பெட்டியை எடுத்து அச்சிட்டிருந்ததைப் படித்தார். பன்றி என்றே இருந்தது. "மாட்டிலிருந்து செய்ததும் இருக்கிறது, வரவழைத்துவிடலாம்" என்றார். பத்து நாள் தாமதம். வேறு இழப்பு இல்லை.

பொருளின் தன்மை முற்றிலும் மாறிவிட்டால் சட்டமும் மாறுமா, நிர்ப்பந்த நிலையில் எதுவரை அனுமதி என்பன பற்றி மார்க்க அறிஞர்களிடையே விரிவான கருத்துகள் உள்ளன. மாற்றுப் பொருள் கிடைக்கும் இடத்தில் அந்த விவாதத்துக்கே தேவை எழுவதில்லை. கேட்பது நம் உரிமை. சிகிச்சைக்கு முன்பே கேட்பது நம் பொறுப்பு.

மார்க்கம் தொடர்பான ஐயங்கள்

வேறு சில ஐயங்களையும் மக்கள் என்னிடம் கேட்பதுண்டு. செயற்கைப் பல் வைப்பது படைப்பை மாற்றுவதாகுமா என்பது ஒன்று. இழந்ததை ஈடுசெய்வது சிகிச்சை. அழகுக்காக உள்ளதைச் சிதைப்பது வேறு. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்குச் செய்து வைத்து, அது நாற்றம் எடுத்தபோது, பொன்னால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. பல்லைப் பொன்னால் கட்டுவதற்கு அறிஞர்கள் இதையே ஆதாரமாகக் கொண்டனர்.

குளிப்புக் கடமையானால் என்ன செய்வது என்பது மற்றொன்று. அதில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி மத்ஹபில் ஃபர்ளு. ஷாஃபிஈ மத்ஹபில் ஸுன்னத். எலும்பில் பதித்து நிலைத்துவிட்ட பல் உடலின் உறுப்பைப் போன்றது. அதைக் கழற்றத் தேவையில்லை. எளிதில் கழற்றக்கூடிய பல்செட் உடையவர்கள், தத்தம் மத்ஹபின்படி உள்ளூர் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. ரமலானில் நோன்பு வைத்துக்கொண்டு இச்சிகிச்சைக்கு விரைய வேண்டியதில்லை. மாதங்கள் பொறுத்துச் செய்யும் வேலையில் ஒரு மாதம் தள்ளிப்போவதால் தீங்கு எதுவும் நேராது.

யார் பொறுத்திருக்க வேண்டும்?

வயது முதிர்ந்தவர் என்பது மட்டுமே தடையாகாது. ஆனால் வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு இது கூடாது. தாடை வளரும்போது உலோக வேர் வளராமல் அதே இடத்தில் நின்று, பல் கீழே தங்கிவிடும். கருவுற்ற பெண்கள் பேறு முடியும்வரை ஒத்திப்போடலாம்.

சர்க்கரை நோய் கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. கட்டுக்கு அடங்காத சர்க்கரையோ புண் ஆறுவதைக் கெடுக்கும். கிருமித் தொற்றை வளர்க்கும். புகைப்பவர்களுக்கு இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பு மிகுதி. புகையிலை, பாக்கு மெல்லும் பழக்கத்தால் வாய் இறுகித் திறக்க இயலாமற் போனவர்க்குக் கருவியை உள்ளே கொண்டு செல்வதே கடினம். தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் அதைத் தவறாமல் சொல்லவேண்டும்.

எலும்பு தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளும் பெண்கள் நம் வீடுகளில் பலர். அவற்றுள் சில வகை மருந்துகளால் பல் பிடுங்கிய இடமோ துளையிட்ட இடமோ ஆறாமல், தாடை எலும்பு பட்டுப்போகும் அபாயம் சிலருக்கு உண்டு. 2003 முதல் மருத்துவ இதழ்களில் இதுபற்றிய எச்சரிக்கைகள் வரலாயின. ஆகவே உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தின் சீட்டுகளையும் பல் மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம்.

தகுந்தவர்களுக்குத் தகுந்த முறையில் பதித்தால், பத்தாண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட இம்பிளான்ட்கள் நிலைத்திருக்கின்றன. எஞ்சியவை தோற்கும் என்பதையும் மறக்கலாகாது.

உம்மாவின் இரண்டு வேர்கள்

நாங்கள் முதலில் சென்ற மருத்துவமனையில், ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே, வாய் முழுவதற்கும் இம்பிளான்ட் வைத்துவிடலாம் என்று பல லட்சத்துக்குக் கணக்கெழுதித் தந்தார்கள். சர்க்கரை எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிரவு உம்மா தம் கைவளையல்களைக் கழற்றி என் முன்னே வைத்தார்கள். எனக்கு உறக்கம் வரவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் வயதில் இளையவர். அவர் முதலில் கேட்டது சர்க்கரையின் அளவைத்தான். "மேல்செட் நன்றாகத்தான் இருக்கிறது, அதை ஏன் தொட வேண்டும்? கீழே இரண்டு வேர்கள் போதும். ஆனால் சர்க்கரை குறைந்தபின் வாருங்கள்" என்றார். பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளான்ட்கள் பதித்து, அவற்றின்மேல் பல்செட்டைப் பொருத்துவதையே முதல் தெரிவாகக் கொள்ளலாம் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்திருப்பதைப் பின்னர் படித்தறிந்தேன். வேர்களின் தலையில் குமிழும், செட்டின் அடியில் அதற்குரிய குழியும் இருக்கும். பிரஸ் பட்டன் போல 'டக்' என்று பொருந்திவிடும். இரவில் கழற்றிக் கழுவலாம். முழுவாய்க்கு ஆகும் செலவில் இது சிறு பகுதியே.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர நான்கு மாதம் ஆயிற்று. வேர் பதித்து எலும்பு கூட மூன்று மாதம். வளையல்கள் உம்மாவின் கையிலேயே இருக்கின்றன.

ஒரு பல் மட்டும் இழந்தவர்க்கும் வேறு வழிகள் உண்டு. இரு பக்கத்துப் பற்களைச் செதுக்கிப் பிரிட்ஜ் கட்டுவது விரைவானது. செலவும் பொதுவாகக் குறைவு. அப்பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் அதுவே சிறந்ததாகவும் அமையலாம். பழுதற்ற பற்களாயின் அவற்றைச் செதுக்குவது ஓர் இழப்பு. பிரிட்ஜின் அடியில் எலும்பு கரைவதும் நிற்பதில்லை. வசதி குறைந்தோர்க்குக் கழற்றி மாட்டும் பல்லும் பயன்தருவதே. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பிற பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த செலவில் சிகிச்சை பெறலாம். நேரம் மட்டும் கூடுதலாகும்.

முன்கூட்டியே கேட்க வேண்டியவை

1. என் பல்லை வேர் சிகிச்சையால் காப்பாற்றவே முடியாதா?

2. ஸ்கேனில் என் எலும்பு எவ்வளவு இருக்கிறது? எனக்குக் காட்டுவீர்களா?

3. திருகு, தண்டு, கேப், எலும்புத் துகள் எல்லாம் சேர்ந்து மொத்தச் செலவு என்ன?

4. எலும்புத் துகளும் சவ்வும் எதிலிருந்து செய்தவை?

5. தோற்றுவிட்டால் மீண்டும் செய்வதன் செலவு யாருடையது?

6. பதித்த இம்பிளான்ட்டின் நிறுவனம், அளவு, தொகுதி எண் ஆகியவற்றை எழுதித் தருவீர்களா?

இறுதிக் கேள்வி வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர்க்கு மிகவும் இன்றியமையாதது. ஊரில் பதித்த பல்லில் துபாயிலோ ஜித்தாவிலோ பழுது ஏற்பட்டால், எந்த நிறுவனத்தின் திருகு என்று தெரியாமல் அங்குள்ள மருத்துவரால் தொடவே இயலாது.

பேணுவது நம் கையில்

உலோக வேருக்குச் சொத்தை வராது. ஆயினும் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் நோயுறும். அழுக்குத் தங்கினால் ஈறு வீங்கி, குருதி கசிந்து, எலும்பு கரைந்து, நன்றாக இருந்த வேரும் ஆடத் தொடங்கும். வலி இன்றியே இது முற்றிவிடுவதுண்டு. காலையும் இரவும் துலக்குவதோடு, பல்லிடுக்குகளைச் சிறு பிரஷ் கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உம்மாவின் செட்டில் உள்ளதைப் போன்ற பொருத்துக் குழிகளின் நைலான் வளையங்கள் தேயும். அவ்வப்போது மாற்ற வேண்டும்.

மிஸ்வாக்கைச் சுன்னத்தாகக் கொண்ட சமுதாயம் நாம். ஐவேளை ஒளுவில் வாய் கொப்பளிப்பவர்கள். அப்படியிருந்தும் நம் வீடுகளில் ஐம்பது வயதுக்குள் பாதிப் பற்களை இழந்தோர் இருக்கிறார்கள் என்றால், பல்வலி வந்தால் பிடுங்கிவிடு என்னும் பழக்கமே காரணம். உலகின் எந்த உலோக வேரும் சொந்த வேருக்கு நிகராகாது. காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பாற்றுக. இயலாதபோது பிடுங்குக. பிடுங்கும் நாளிலேயே அடுத்து என்ன செய்வது என்பதையும் மருத்துவரிடம் பேசுக. என்னைப்போல் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திராதீர்கள்.

சென்ற மாதம் என் தங்கை மகளின் நிக்காஹ். பெண்கள் பகுதியில் சஹன் விரித்தபோது உம்மா முழங்கால் வலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூன்று பேருடன் அமர்ந்து, இறைச்சித் துண்டு ஒன்றை மெல்ல மென்று முடித்தார்கள் என்று என் மனைவி வந்து சொன்னார். வீடு திரும்பியதும், "எப்படி இருந்தது உம்மா?" என்று கேட்டேன். "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு வாப்பா" என்றார்கள். மூன்று ஆண்டுகளாக அந்தக் குறையைச் சொல்லக்கூட அவர்களுக்கு வாய்ப்பில்லாமல் இருந்தது.

வாசக அன்பர்களே! உங்கள் வீட்டில் விருந்துக்குப் போயும் உண்ணாமல் திரும்பும் பெரியவர் யாரேனும் இருக்கிறார்களா? இன்றே அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.